உப்பளத்துக்காரன் உப்பைப் பார்க்க கட்ச் வரைக்கும் போகணுமா?

வாலிநோக்கத்தான்:
போன ஜனவரியில் குஜராத் போய் வெள்ளை ரண் என்கிற உப்புப் பாலைவனத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். ரயிலில் அகமதாபாத், அங்கிருந்து புஜ், புஜ்ஜில் வண்டி பிடித்து ரண் ஓரத்துக் கிராமம் தோர்தோ. வழியில் பிரண்டியாராவில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கிளம்பும்போது அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "உப்பைப் பார்க்கவா இம்புட்டுத் தூரம் போற?" முப்பது வருஷம் உப்பளத்தில் நின்ற மனுஷன். கேட்கத்தான் செய்வார்.

நமக்கு உப்பு என்றால் பாத்தி. பாத்திக்கு வரப்பு, வரப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு பாத்தி. பலகையால் வாரி அம்பாரம் போட்டால் வேலை முடிந்தது. அங்கே வரப்பே கிடையாது. கண் போகிற தூரம் வரைக்கும் ஒரே பாத்தி. மேலே மொறுமொறுவென்று ஒரு தோல். கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். அடியில் ஈரச் சேறு. பௌர்ணமி அன்று போனோம். டார்ச்சை எடுக்கவே இல்லை.

நம்ம ஆட்கள் குலதெய்வம் கோயில், மிஞ்சினால் கொடைக்கானல் என்று நின்றுவிடுகிறார்கள். காதுகுத்துக்கு ஆகிற பிரியாணிச் செலவில் பாதி இருந்தால் ஒடிசாவில் சிலிகா ஏரியும் மகாராஷ்டிரத்தில் லோனார் ஏரியும் பார்த்துவிடலாம். வீட்டுக்கு ஒருத்தராவது நாட்டின் அந்தக் கோடிக்குப் போய்வர வேண்டும். இது என் கட்சி. எதிர்க்கட்சி உண்டா?

பாம்பன்காரி:
//கொடைக்கானல் என்று நின்றுவிடுகிறார்கள்//

நான் எதிர்க்கட்சி. தம்பி, குருசடைத் தீவுக்குப் போயிருக்கீங்களா? பாம்பன் பக்கத்துக் குந்துகாலில் படகு ஏறினால் எட்டிப் பிடிக்கிற தூரம். மன்னார் வளைகுடாவில் பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவுகள். 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், 1989இல் உயிர்க்கோளக் காப்பகம். பவளப்பாறை பார்க்க ஊர் ஊராக விமானம் ஏறுகிறார்கள். அது நம் கொல்லைப்புறத்தில் கிடக்கிறது.

என் சித்தி கடல்பாசி எடுக்கப் போனவர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முங்குவார். பவளப்பாருக்கு மேலே மீன் மேய்கிறதை ராத்திரிச் சோற்றுக்கு நடுவே சொல்வார், அப்படி வர்ணிப்பார். பூங்கா வந்தபிறகு தீவுப் பக்கம் போனாலே பயம். பையைப் பிடுங்கிக்கொண்டு திருப்பி அனுப்பிய நாளும் உண்டு. இப்போது சீட்டு வாங்கிக்கொண்டு சுற்றுலாக்காரர் போகிறார். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் சித்தி பார்த்ததை நம் பிள்ளைகள் யாரும் பார்த்தது இல்லை. அதைப் பார்க்காமல் ரண் எதற்கு?

இன்னொன்று. அந்த 21இல் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்று இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பாறையை வெட்டி வெட்டி அள்ளியதில், அலையைத் தடுக்க ஒன்றுமில்லாமல் மண் கரைந்தது. கட்ச் அங்கேயேதான் இருக்கும். இது இருக்குமா?

கீழக்கரை_காக்கா:
அக்கா சொல்வது நெஞ்சில் தைக்கிறது. ஆனாலும் நான் வாலிநோக்கம் தம்பி பக்கம். இருபது வருஷம் கப்பலில் ஓடியவன். ஒரு இடம் எவ்வளவு பெரிசு, எவ்வளவு அழகு என்பதெல்லாம் இரண்டாவது. ஊரில் தெரிந்த ஒரு சாமானை வேறு மாதிரி காட்டுகிறதா என்பதுதான் முதல்.

லோனாரையே எடுங்கள். மகாராஷ்டிரத்தில் எரிகல் விழுந்து பாறையில் குடைந்த பள்ளம், குறுக்களவு சுமார் 1.8 கிலோமீட்டர். உள்ளே உப்புத்தண்ணி ஏரி. 2020 ஜூனில் ஏரி முழுக்க ரோஸ் ஆகிவிட்டது என்று நாடே பரபரத்தது. தண்ணி வற்றி உப்பு ஏறியதும் உப்பை விரும்புகிற நுண்ணுயிர்கள் பெருகியதுதான் காரணம். உப்பளத்தில் நின்றவனுக்கு இது அதிசயமா? காய்ந்து முற்றின பாத்தித் தண்ணி ரோஸாகத் திரும்புகிறதை அவன் பார்த்தவன்தானே. தம்பியின் அப்பாவைக் கொண்டுபோய் லோனார் கரையில் நிறுத்தினால், வழிகாட்டி வாயைத் திறக்குமுன் அவர் சொல்லிவிடுவார்.

அப்புறம் மேகாலயா. நோங்ரியாட்டில் வேர்ப்பாலம், மேலொன்று கீழொன்றாக இரண்டடுக்கு. அங்கத்திய காசி (Khasi) பழங்குடி மக்கள் ரப்பர் ஆலமரத்தின் விழுதைப் பாக்குமரத் தண்டில் விட்டு ஓடைக்கு அக்கரை கொண்டுபோய் ஊன்றவைக்கிறார்கள். ஆள் நடக்கிற பலம் வரப் பல வருஷம் ஆகும். நம்ம பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறந்தது; உப்புக்காற்று தின்று, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்தது. அங்கே பாலத்துக்கு வயசாக ஆகத்தான் பலம். பாம்பன்காரர்கள் போய்ப் பார்க்க வேண்டிய இடம் என்றால் அதுதான். படி மட்டும் மூவாயிரத்துக்கு மேல். என் முட்டி இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறது.

முகவை_மாணவன்:
அண்ணே, ஆகஸ்ட்டில் ஒரு வாரம் லீவு வருது. ரண் போகலாமா?

வாலிநோக்கத்தான்:
படகு இருந்தால் போங்க தம்பி. மழைக்காலத்தில் கடல்தண்ணியும் மழைத்தண்ணியும் ஏறி ரண் முழுக்க நிற்கும். வடிந்து காய்ந்து உப்புப் பூத்து நடக்கிற மாதிரி ஆக டிசம்பர் ஆகிவிடும். ஆகஸ்ட் என்றால் உத்தராகண்டில் பூக்களின் பள்ளத்தாக்கு. ஜூனிலிருந்து அக்டோபர் வரைதான் திறந்திருக்கும், பூ உச்சத்தில் இருப்பது அப்போதுதான்.

அரிச்சல்முனை64:
இரண்டு கட்சிக்கும் எதிராக ஒன்று சொல்கிறேன், கோவிக்காதீங்க. தனுஷ்கோடிக்கு முன்பெல்லாம் மணலில் வேன் ஏறித்தான் போகணும். குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தால் இடிந்த தேவாலயம், காற்று, நாலைந்து மீனவர் குடிசை. 1964 டிசம்பர் புயலில் ரயிலையே கடல் கொண்டுபோன இடம் என்கிற நினைப்பில் சத்தம் போட்டுப் பேசக்கூட மனசு வராது. 2017இல் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை வந்தது. இப்போது விடுமுறை நாளில் போய்ப் பாருங்கள். கார் வரிசை, அன்னாசிப்பழத் தட்டு, செல்ஃபி. போன மாசம் தண்ணியோரம் குனிந்து சங்கு என்று நினைத்து எடுத்தேன். ஐஸ்கிரீம் கப்பின் மூடி.

நம்ம கடற்கரைக்கு வெளியூரான் செய்வதை நாம் அவர்கள் ஊருக்குப் போய்ச் செய்வோம். வேறென்ன? ரணிலும் கூடாரம் போட்டுத் திருவிழாதானே நடக்கிறது. எல்லாரும் அவரவர் ஊரிலேயே இருந்தால் பாதி இடம் பிழைக்கும்.

கீழக்கரை_காக்கா:
தம்பி, அந்த நியாயத்தில் பார்த்தால் கப்பலே ஓடியிருக்காது, கீழக்கரையே இருந்திருக்காது.

பாம்பன்காரி:
//எல்லாரும் அவரவர் ஊரிலேயே இருந்தால்//

இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். வெளியூரான் வருவதால்தான் என் அண்ணன் ஆட்டோ ஓடுகிறது. வருகிறவனை நடத்துகிற விதத்தில்தான் கோளாறு. நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டில் பாருங்க, அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள், ஊர் ஆட்களே கூட வருகிறார்கள். குப்பை போட்டால் படகிலேயே வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அந்த முறை அரிச்சல்முனைக்கு வந்தால் உங்கள் மூடி பிரச்சினை தீரும்.

அரிச்சல்முனை64:
காரங்காட்டுக்கு வருகிறது நூறு பேர் என்றால் இங்கே ஆயிரம். அதே கணக்கு செல்லாது அக்கா. படகில் இத்தனை பேர்தான் என்று நிறுத்தலாம், தார்ச்சாலையில் யார் நிறுத்துவது?

வாலிநோக்கத்தான்:
அந்தக் கேள்வி நியாயம். சாலை போடுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியது. தோர்தோவிலும் கூட்டம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூடாரத்தை விட்டுப் பத்து நிமிஷம் நடந்தோம், ஒரு குருவி இல்லை.

பாம்பன் அக்காவுக்கு: நான் குருசடை போனதில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. வாலிநோக்கத்தில் பிறந்து நல்லதண்ணித் தீவுக்கு எதிரே வளர்ந்தவன், உயிரோடு ஒரு பவளத்தைப் பார்த்தது டிவியில்தான். ஆனால் ஒன்று. ரண் போகாமல் இருந்திருந்தால் நீங்கள் கேட்டதற்குக் கூச்சப்பட்டிருக்கவும் மாட்டேன், "தீவுல என்னக்கா இருக்கு" என்று போயிருப்பேன். எப்போ போகலாம், சொல்லுங்க.

பாம்பன்காரி:
கச்சான், அதான் தென்மேற்குக் காற்று, அடிக்கிற மாசங்களில் வேண்டாம். ஆண்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கலங்கிப்போய் ஒரு முழத்துக்குக் கீழே தெரியாது, படகும் விட மாட்டார்கள். வாடைக்காற்று தொடங்கினால் பெண்கடல், அதான் பாக் நீரிணை, பக்கம்தான் ஆட்டம், இந்தப் பக்கம் கொஞ்சம் அமரும், ஆனால் மழை கெடுக்கும். மழை முடிந்து பிப்ரவரி, மார்ச்சில் வாங்க. தண்ணி கண்ணாடி. சித்தியையும் கூப்பிடுகிறேன். இந்தத் தடவை சீட்டு வாங்கிக்கொண்டு போகட்டும்.

கீழக்கரை_காக்கா:
சித்திக்கான சீட்டு என் கணக்கில்.

வாலிநோக்கத்தான்:
நன்றி காக்கா. கடைசியாக ஒன்று. இந்த வாக்குவாதத்தை எல்லாம் படித்துக் காட்டிவிட்டு, நேற்று ராத்திரி அப்பாவிடம் ரண் வீடியோவைப் போட்டுக் கொடுத்தேன். போன தடவை எட்டிக்கூடப் பார்க்காதவர், கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் கழித்துக் கேட்டார்: "வரப்பே இல்லையேடா. அப்ப யாரு தண்ணி கட்டுறா?"