விசைப்படகின் மீன் அறையில் குளிர்பதன இயந்திரம் பொருத்துவது குறித்து

கேள்வி: படகு உரிமையாளர், கடலூர் முதுநகர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் விசைப்படகின் மீன் அறை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 2 மீட்டர் அளவு கொண்டது. சுவர்களுக்குள் 50 மி.மீ. தெர்மாகோல் வைத்து, மேலே ஃபைபர் பூசியிருக்கிறோம். கடலில் ஐந்து நாள் தங்கி மீன்பிடிக்கும் தங்கலுக்கு 50 கிலோ எடையுள்ள ஐஸ் பார் 40 ஏற்றிச் செல்கிறோம். ஆனால் நான்காம் நாள் மாலைக்குள், ஏறக்குறைய 1,200 கிலோ மீன் ஏறிய நிலையிலேயே, ஐஸ் முழுவதும் தீர்ந்துவிடுகிறது. கடைசி நாளில் பிடித்த வஞ்சிரத்தைக்கூடக் கரையில் தரம் குறைத்தே எடுக்கிறார்கள். ஜூன் 14 அன்று தடைக்காலம் முடிவதற்குள், ஐஸை விட்டுவிட்டு குளிர்பதன இயந்திரம் பொருத்த எண்ணியுள்ளேன். எவ்வளவு திறனுள்ள இயந்திரம் தேவைப்படும் என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில் 1: குளிர்பதனத் தொழில்நுட்பர், தேங்காய்த்திட்டு, புதுச்சேரி

ஐயா, இயந்திரத்தை விலை பேசுவதற்கு முன், 40 பாரும் எங்கே போகின்றன என்று கணக்கிடுவோம். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோ ஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். 1,200 கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 8 பார் போதும். உலர்ந்த 50 மி.மீ. தெர்மாகோல் வழியாக நுழையும் வெப்பத்துக்கு நாளொன்றுக்கு இரண்டரை பார் என்று வைத்தால், நான்கு நாளுக்கு 10 அல்லது 11 பார் ஆகும். மூடியைத் திறந்து மூடுவதற்குச் சிறிது சேர்த்தாலும் பாதி ஐஸுக்குக் கணக்கு வரவில்லை. உங்கள் தெர்மாகோல் நீர் குடித்துவிட்டது என்றே நான் சந்தேகிக்கிறேன். நீர் ஊறிய வெப்பக் காப்பு இருந்தும் இல்லாததற்குச் சமம். அந்த அறையில் எவ்வளவு பெரிய இயந்திரத்தை வைத்தாலும் டீசல்தான் வீணாகும். அறையின் கீழ் மூலையில் உட்பக்கமாக 10 மி.மீ. துளை ஒன்று போட்டுப் பாருங்கள்.

ஐஸை அறவே கைவிடுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே வலையில் 500 கிலோ மீன் வந்து, அதை ஆறு மணி நேரத்தில் குளிர்விக்க வேண்டுமென்றால் 2.3 கிலோவாட்டுக்கு மேல் குளிர்த்திறன் வேண்டும். தெர்மாகோலுக்குப் பதில் 100 மி.மீ. பாலியூரித்தேன் நுரை நிரப்பிய அறையின் சுவர் வழியே நுழையும் வெப்பமோ 200 வாட்டுக்கும் குறைவு. மேலும், மீனை ஒட்டிக் கிடக்கும் ஐஸ் குளிர்விக்கும் வேகம் குளிர்காற்றுக்கு வராது. காற்று மீனின் தோலையும் உலர்த்திவிடும். எனவே மீனை ஐஸ் குளிர்விக்கட்டும், ஐஸை இயந்திரம் காக்கட்டும். அதற்கு 500 வாட் குளிர்த்திறனுள்ள 24 வோல்ட் இயந்திரம் போதுமானது. அது ஓடும்போது ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கும். தெர்மோஸ்டாட்டை 1 அல்லது 2 டிகிரியில் வையுங்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் ஐஸ் கெட்டியாகிப் பாறைபோல் ஒட்டிக்கொள்ளும். உருகும் நீர் மீனைக் கழுவிச் செல்வதும் நின்றுவிடும்.

பதில் 2: படகு எஞ்சின் மெக்கானிக், புதுச்சேரி

மேலே சொன்ன கணக்கை ஏற்கிறேன். பொருத்தும் வேலை பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன். எஞ்சின் அறையின் வெக்கையில் காற்றால் குளிரும் கண்டென்சர் (இயந்திரத்தின் வெப்பத்தை வெளியே தள்ளும் பகுதி) திணறிப்போகும். கடல்நீரால் குளிரும், குப்ரோ நிக்கல் குழாய் கொண்ட கண்டென்சரையே வாங்குங்கள். அதில், உப்புநீர் அரிப்பைத் தான் ஏற்றுக் குழாயைக் காக்கும் துத்தநாகக் கட்டி இருக்கிறதா என்று பார்த்து, கரைந்தவுடன் மாற்றுங்கள். கடலூர் துறைமுகம் ஆற்று முகத்துவாரத்தில் இருப்பதால் நீரில் சேறு அதிகம். வடிகட்டியை ஒவ்வொரு தங்கலுக்கு முன்பும் கழற்றிக் கழுவ வேண்டும்.

சென்ற ஆண்டு நான் பார்த்த ஒரு படகில், கம்ப்ரஸரிலிருந்து செம்புக் குழாயை நேராக இழுத்துச் சுவரில் இறுக்கியிருந்தார்கள். எஞ்சின் அதிர்வில் மூன்றே மாதத்தில், இணைப்புக்கு ஒரு விரல் தள்ளி, தலைமுடி அளவு கீறல் விட்டு வாயு முழுவதும் போய்விட்டது. அந்த இடத்தில் வளையும் குழாய்த் துண்டு ஒன்று இருந்திருந்தால் இது நடந்திருக்காது. வாயு ஏற்றுவதற்கு முன் நைட்ரஜன் அடைத்து ஓர் இரவு அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு வேக்கம் எடுக்காமல், அதாவது குழாய்க்குள் இருப்பதைப் பம்பால் முழுவதும் உறிஞ்சி எடுக்காமல், வாயு ஏற்ற விடாதீர்கள். எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியிலிருந்து இதற்கு மின்சாரம் எடுக்கவே கூடாது. நடுக்கடலில் எஞ்சின் கிளம்பாமல் நிற்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை துளை போட்டேன். கறுத்த நீர் நூல் பிடித்தாற்போல் ஒழுகத் தொடங்கி, ஒரு வாளியில் பாதி நிறைந்த பிறகும் நிற்கவில்லை; அழுகிய மீன் வாடை அடித்தது. மற்ற மூன்று மூலைகளிலும் துளையிடப் போகிறேன். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில் 1

வாடை அடிக்கிறது என்றால், அறைக்குள் உருகிய நீர் ஃபைபர் பூச்சின் விரிசல் வழியாகப் புகுந்திருக்கிறது. அந்த நீர் தரை முழுவதும் பரவியிருக்கும். ஆகவே தரையையும் நான்கு சுவர்களையும் பிரித்துவிடுங்கள். மரம் நன்றாக உலர்ந்த பிறகே நுரை ஊற்ற வேண்டும். எஞ்சின் அறையை ஒட்டிய சுவருக்கு மட்டும் 150 மி.மீ. கொடுங்கள். தரையை வடிகால் பக்கம் சற்றுச் சாய்த்து ஃபைபர் பூசி, அறையில் நீர் நிரப்பி ஒரு நாள் வைத்துப் பாருங்கள். நீர்மட்டம் இறங்கவில்லை என்றால் இயந்திரத்துக்குச் சொல்லிவிடலாம்.