எல்லா ஸ்டெப்புக்கும் 50% போட்டும் ஏன் ஒரே மாதிரி கேட்கிறது?

உலர்ந்த_கிக்:

வணக்கம். என்னிடம் இருப்பது பழைய எட்டு டிராக் டிஜிடாக்ட் (ஒலித் துண்டுகளை ஸ்டெப் என்ற கட்டங்களில் அடுக்கி ஓட்டும் பெட்டி) ஒன்று, மிடி (இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் வழி) உள்ளீடு உள்ள ட்ரம் மெஷின் ஒன்று. ப்ளே அழுத்திவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போக வேண்டும். அது தன்பாட்டுக்கு ஓடி, ஒரு மணி நேரம் கழித்து நான் திரும்பி வந்தால் வேறெங்கோ போயிருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. கணினியில் சுலபமாகச் செய்யலாம் என்று தெரியும். நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பவன், இரவில் இன்னொரு திரை வேண்டாம்.

செய்து பார்த்தது இது: வேகம் 80 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 80 தட்டு. கிக் 16 ஸ்டெப், ஸ்நேர் 12, ஹை-ஹாட் 8, சாவிக்கொத்தைக் குலுக்கிப் பதிவு செய்த சாம்பிள் 24. கிக்கை மிடி வழியாக ட்ரம் மெஷினுக்கும் அனுப்புகிறேன். எல்லா ஸ்டெப்பையும் நிரப்பி எல்லாவற்றுக்கும் 50%, அதாவது ஒலிக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. மேலே ஒரு மணியோசை, அதன் சுருதிக்கு ரேண்டம் எல்எஃப்ஓ (ஒரு அமைப்பைத் தானாக ஏற்றி இறக்கும் மெதுவான அலை).

முதல் இரண்டு நிமிடம் புல்லரித்தது. பத்தாவது நிமிடம் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை. எந்த அடியும் முன்பு விழுந்த மாதிரி விழவில்லை, ஆனாலும் எப்போது கேட்டாலும் அதே இடத்தில்தான் நிற்கிறது. மணியோசை அடிக்கடி பல்லைக் கூச வைக்கிறது. போதாக்குறைக்கு ட்ரம் மெஷினின் கிக் சில நேரம் "டக்" என்று விழாமல் "டடக்" என்று இரட்டையாக விழுகிறது.

எங்கே கோட்டை விடுகிறேன்?

பழைய_ஒயர்:

சுலபமானதை முதலில் முடித்துவிடுவோம். டிஜிடாக்ட் நோட்டை மட்டும் அனுப்பவில்லை, க்ளாக்கையும் (வேகத்தைச் சொல்லும் துடிப்பு) ஸ்டார்ட் செய்தியையும் சேர்த்தே அனுப்புகிறது. ஸ்டார்ட் கேட்டதும் ட்ரம் மெஷின் தனக்குள் இருக்கும் பேட்டர்னையும் ஓட்டத் தொடங்கிவிடும். அந்தக் கிக் ஒன்று, உங்கள் மிடி கிக் ஒன்று, இரண்டும் சில மில்லிசெகண்ட் தள்ளி விழுந்தால் "டடக்". ட்ரம் மெஷினில் காலி பேட்டர்னைத் தேர்ந்தெடுங்கள், அல்லது டிஜிடாக்டின் சிங்க் அமைப்பில் ட்ரான்ஸ்போர்ட் (ஸ்டார்ட், ஸ்டாப் செய்திகள்) அனுப்புவதை நிறுத்துங்கள். இதே பேய்க்காக நான் இரண்டு மிடி கேபிள் மாற்றியவன், அதனால் தெரியும்.

மணியோசையும் அப்படித்தான். எல்எஃப்ஓவுக்கு ஸ்கேல் தெரியாது. சுருதியிலிருந்து அதைக் கழற்றிவிடுங்கள். ஐந்தாறு ஸ்டெப்பில் உங்களுக்குப் பிடித்த ஐந்து சுரங்களை நீங்களே லாக் செய்யுங்கள், அவை வருமா வராதா என்பதை மட்டும் மெஷினிடம் விடுங்கள். எந்தச் சுரம் என்பது உங்கள் முடிவு, எப்போது என்பது அதன் முடிவு. ரேண்டம் எல்எஃப்ஓவைச் சாவிக்கொத்தின் ஸ்டார்ட் பாயிண்டுக்கு மாற்றுங்கள், மோடு எச்எல்டி (ஹோல்ட்). ஒவ்வொரு அடி விழும்போதும் அந்த நொடியில் இருக்கும் மதிப்பை அது பிடித்து வைத்துக்கொள்ளும். இருபது விநாடி குலுக்கிய பதிவு என்றால் ஒவ்வொரு அடியும் அதன் வேறொரு மூலையிலிருந்து வரும். நான் கதவுக் கீலில் இதைச் செய்தேன். ஒரே கதவு, ஆனால் வீடு முழுக்க ஆள் நடமாடுகிற மாதிரி இருந்தது.

இனி பெரிய விஷயம்.

நீங்கள் போட்ட நீளங்கள் 16, 12, 8, 24. எல்லாம் 48-ல் அடங்கிவிடுகின்றன. 16 ஸ்டெப் ஒரு பார், 48 ஸ்டெப் என்றால் மூன்று பார், உங்கள் வேகத்தில் சரியாக 9 விநாடி. ஒன்பது விநாடிக்கு ஒரு முறை எல்லா டிராக்கும் சமத்தில் வந்து கைகுலுக்கிக்கொள்கின்றன. நீளத்தை மாற்றியதால் கிடைத்த லாபம் அவ்வளவுதான். 16, 15, 13, 7 என்று வைத்துப் பாருங்கள். பொதுக் காரணி எதுவும் இல்லை, நான்கையும் பெருக்கினால் 21,840 ஸ்டெப். 80 பிபிஎம்மில் 68 நிமிடம். உங்கள் ஒரு மணி நேரம் இதற்குள்ளேயே அடங்கிவிட்டது, இன்னும் எந்தக் கண்டிஷனையும் (ஒரு அடி ஒலிக்கலாமா என்று தீர்மானிக்கும் நிபந்தனை) தொடவில்லை.

ஒரு எச்சரிக்கை: ஸ்கேல் பக்கத்தில் டிராக்வாரி மோடில் ரீசெட் என்று ஒன்று இருக்கும். அது 64-ல் நின்றால் 64 ஸ்டெப்புக்கு ஒருமுறை எல்லா டிராக்கையும் கழுத்தைப் பிடித்து முதல் ஸ்டெப்புக்கு இழுத்து வந்துவிடும். அதை முடிவிலிக்கு மாற்றாமல், "பாலிமீட்டர் (டிராக்குக்கு ஒரு நீளம்) வைத்தும் ஒன்றும் நடக்கவில்லையே" என்று நான் ஒரு மாதம் சுற்றினேன்.

ஜெனரேட்டிவ் மியூசிக் (விதிகளை வைத்துவிட்டால் தன்பாட்டுக்கு உருவாகும் இசை) என்ற பெயரை ஊரறியச் செய்த பிரையன் ஈனோ 1978-ல் மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ் தட்டில் செய்ததும் இதுதான். அதன் ஒரு பகுதியில் குரல்கள் மட்டும் இருக்கும், ஒவ்வொரு சுரமும் தனித்தனி டேப் லூப்பில். ஒரு லூப் 23½ விநாடி, அடுத்தது 26-க்குச் சற்றுக் குறைவு, இன்னொன்று 30-க்குக் கொஞ்சம் குறைவு. பகடையே இல்லை. நீளங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததே போதுமானதாக இருந்தது.

சரி, 50%. பதினாறு ஸ்டெப்புக்கும் தனித்தனியாக நாணயம் சுண்டினால் ஒரு பாருக்குச் சராசரி எட்டு அடி. ஐந்தில் நான்கு பார்களில் எண்ணிக்கை ஆறுக்கும் பத்துக்கும் நடுவில்தான் இருக்கும். அதாவது கூட்டமும் இல்லை, வெறுமையும் இல்லை, எப்போதும் அதே நடுத்தர அடர்த்தி. காது அடிகளை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை, கூட்டத்தின் பருமனைத்தான் கேட்கிறது. உங்கள் ஆலங்கட்டி மழை அங்கிருந்துதான் வருகிறது. சும்மா சுண்டிக்கொண்டே இருந்தால் எந்த அடிக்கும் பக்கத்து அடியைப் பற்றிக் கவலை இல்லை.

அந்தக் கவலையை ஊட்டுவதற்குத்தான் ப்ரி, நெய் என்ற இரண்டு கண்டிஷன்கள். ஸ்நேரின் 12-வது ஸ்டெப்புக்கு 30% வையுங்கள். 13, 15 இரண்டுக்கும் ப்ரி. அந்த டிராக்கில் கடைசியாகப் பார்த்த கண்டிஷன் பலித்திருந்தால்தான் அவை ஒலிக்கும். ஆக 12 விழுந்தால் 13, 15 பின்னாலேயே வரும், 12 விழாவிட்டால் மூன்றுமே மௌனம். வந்தால் ஒரு முழுச் சொல்லாக வரும், இல்லையென்றால் இடம் காலி. மூன்றுக்கும் தனித்தனியாக 30% போட்டிருந்தால் மூன்றும் சேர்ந்து விழுவது நூறில் மூன்று தடவைகூட இல்லை. மீதி நேரமெல்லாம் திக்குவாய்தான். இனி ஸ்நேருக்கு அடுத்த டிராக்கில் ஹாட்டை வைத்து அதன் ஓரிரு ஸ்டெப்புக்கு நெய் கொடுங்கள். ஸ்நேரின் கண்டிஷன் பலித்தபோது ஹாட்டும் தலையாட்டும். இரண்டு கண்டிஷனுக்கும் மறுதலை உண்டு: ஸ்நேர் வராதபோது மட்டும் பேசும் ஒரு ஹாட். கேள்விக்கு யாரோ பதில் சொல்கிற மாதிரி இருக்கும்.

கிக்கின் முதல் அடிக்கு எந்தக் கண்டிஷனும் வேண்டாம். காலை ஊன்ற ஒரு இடம் வேண்டும். 7 ஸ்டெப் டிராக்கை "தகிட தகதிமி" என்று வாயால் சொல்லிப் பார்த்துவிட்டுப் போடுங்கள், எண்ணிப் போட்டதைவிட நன்றாக இருக்கும்.

நீண்ட தூர மாற்றத்துக்கு ஃபில்டரில் (ஒலியின் பளபளப்பைக் கூட்டிக் குறைப்பது) ஒரு சோம்பேறி எல்எஃப்ஓ. ஸ்பீட் 1, மல்டிப்ளையர் 1 என்றால் ஒரு சுற்றுக்கு 128 பார், உங்கள் வேகத்தில் ஆறு நிமிடத்துக்கும் மேல். யாரும் அது அசைவதைக் கவனிக்க மாட்டார்கள்.

இதெல்லாம் செய்துவிட்டு உட்கார்ந்து கேட்காதீர்கள். நான் இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்பேன். கை தானாக நின்றால் அந்த இடத்தில் ஏதோ நடந்திருக்கிறது. ஒரு சட்டைக்குள் மூன்று முறை நின்றால் அளவுக்கு மீறி நடக்கிறது, எதையாவது எடுத்துவிட வேண்டும்.

மெதுவாக_ஓடு:

ஒயர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மியூட்டபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்று மாட்யுலர் சிந்தசைசருக்கான பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனம் இருந்தது. அவர்களுடைய கிரிட்ஸ் மாட்யூலில் ஸ்டெப்புக்கு ஸ்டெப் சதவீதம் கிடையாது, அடர்த்திக்கு ஒரு நாப்தான். அதைக் குறைத்தால் முக்கியமில்லாத அடிகள் முதலில் உதிரும், முதுகெலும்பு கடைசி வரை நிற்கும். எவ்வளவு குறைத்தாலும் தாளம் தாளமாகவே இருப்பது அதனால்தான்.

உங்கள் பெட்டியில் அதையே கையால் செய்யலாம். பதினாறு ஸ்டெப்பையும் முக்கியத்துவப்படி மனதில் தரம் பிரியுங்கள். 1-க்கு 100, 9-க்கு 85 போல, 5, 13-க்கு 60, நடுவில் இருக்கும் உதிரிகளுக்கு 10, 15. எல்லோருக்கும் ஒரே 50 என்பதுதான் உங்கள் பேட்டர்னை மாவாக அரைத்துவிட்டது.

கண்டிஷன் வசதியே இல்லாத பெட்டி வைத்திருப்பவர்களுக்கு: இரண்டு ட்ரம் மெஷின், சிங்க் கேபிளை உருவிவிடுங்கள். ஒன்று 100 பிபிஎம், மற்றது 101. இரண்டிலும் அதே நான்கு பீட் பேட்டர்ன். மெல்ல விலகி, முழுதாகக் கலைந்து, சரியாக 4 நிமிடத்தில் மறுபடி ஒன்றின் மேல் ஒன்று வந்து உட்காரும். அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1965-லேயே இரண்டு டேப் ரெக்கார்டரை வைத்துச் செய்தது. விலகத் தொடங்கும் முதல் பதினைந்து விநாடி ஏதோ பழுது என்றுதான் தோன்றும், பொறுங்கள்.

ஒற்றை_உதை:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு கணக்குப் போடுகிற நேரத்தில் பேடைக் கையால் தட்டி வாசித்துவிடலாமே? மெஷின் விழுத்திய அடிக்கு நீங்கள் எப்படிச் சொந்தம் கொண்டாடுவீர்கள்?

பழைய_ஒயர்:

வாசிக்கலாமே, நானும் வாசிக்கிறேன். ஆனால் கையால் வாசிக்கும்போது என் கை எங்கே போகும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும், இருபது வருடமாக ஒரே நாலு ஃபில் (இடையில் போடும் அலங்கார அடிகள்). இந்தப் பெட்டிக்கு என் பழக்கம் தெரியாது. சொந்தம் கொண்டாடுவது பற்றி நான் யோசித்ததில்லை. 30 என்று போட்டேனா 35 என்று போட்டேனா என்பதுவரை என் காதுதான் முடிவு செய்கிறது. ஒரு சாயங்காலம் முழுக்க 30-க்கும் 35-க்கும் நடுவில் அல்லாடியிருக்கிறேன், அதற்குக் கூலி கேட்கலாம் என்றால் கேட்கிறேன்.

மெதுவாக_ஓடு சொன்ன 100, 85, 60 முறை நல்லது, நான் அதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரே ஒரு திருத்தம்: கிக்குக்கு அது சரி. ஹாட்டுக்கு நான் தலைகீழாக வைப்பேன், முக்கியமான இடங்களில் குறைவாக, இடுக்குகளில் அதிகமாக. கிக் இருக்கும் இடத்தில் ஹாட்டும் முண்டியடிக்க வேண்டாம் என்று.

உலர்ந்த_கிக்:

அண்ணா, மூன்று இரவு ஆகிவிட்டது, பதில் போடத் தாமதம்.

டடக் போய்விட்டது, காலி பேட்டர்ன்தான் மருந்து. ரீசெட் 64-ல்தான் இருந்தது. சிரிக்காதீர்கள். ஆக என்னுடைய 9 விநாடிச் சுழற்சிகூட இரண்டாவது சுற்றை முடிக்காமல் 12 விநாடிக்கு ஒருமுறை அறுபட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

16, 15, 13, 7 வைத்தேன். கிக்குக்கு 100, 85, 60. ஸ்நேரில் 12, 13, 15 நீங்கள் சொன்னபடி. முதல் இரவு 30% அதிகமாகத் தெரிந்தது, அந்த மூன்றடிச் சொல் வந்துகொண்டே இருந்ததில் அதன் மதிப்பே போய்விட்டது. 13-க்கு இறக்கினேன். டிஜிடாக்டில் 13-க்கு அடுத்த படி 9 என்பது அப்போதுதான் தெரிந்தது, நடுவில் எதுவும் கிடையாது போல. 9-ல் வைத்துவிட்டேன்.

நேற்று பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன் (இஸ்திரி வராது). நாற்பது நிமிடம் போல ஆகியிருக்கும். ஃபில்டர் நன்றாக மூடிக்கொண்டு எல்லாம் போர்வைக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்த நேரம். 7 ஸ்டெப் சாவிக்கொத்து கிக்கின் முதல் அடியோடு வந்து விழுந்தது, அதே பாரில் ஸ்நேர் மூன்றடியும் வந்தது, ஹாட் தலையாட்டியது. குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அப்புறம் அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்றேன், மறுபடி வரவே இல்லை.

பதிவு செய்யாமல் விட்டது என் முட்டாள்தனம். எல்லாவற்றையும் எப்போதும் பதிவு செய்தபடியே ஓட்டுவீர்களா, இல்லை போனால் போகிறது என்று விட்டுவிடுவீர்களா?

பழைய_ஒயர்:

கையடக்க ரெக்கார்டரை லைன் அவுட்டில் மாட்டி, இஸ்திரிப் பெட்டியைச் சொருகும்போதே ரெக்கார்டையும் அழுத்திவிடுவேன். நல்ல இடம் வந்தால் ஓடிப்போய் ரெக்கார்டர் பக்கத்தில் ஒரு கைதட்டு தட்ட வேண்டும் என்று முதலில் நினைத்தேன், லைனில் மாட்டியிருக்கும்போது கைதட்டு எப்படிப் பதிவாகும்! இப்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் துணி டேக்கில் நேரத்தைக் கிறுக்கி வைக்கிறேன். ஒன்றரை மணி நேரப் பதிவில் எனக்குத் தேறுவது மூன்று, நான்கு நிமிடம். அதை வெட்டி மறுபடி டிஜிடாக்டுக்குள் சாம்பிளாக ஏற்றி அடுத்த பேட்டர்னில் போடுவேன்.

9%-ஐ அப்படியே விடுங்கள், தொடாதீர்கள். பேட்டர்னை முதலில் சேமித்தீர்களா?