வாகை ராக்கிங் சேர்: உட்கார்ந்ததும் மல்லாந்துவிடுகிறது, ராக்கரை நகர்த்தியும் பலனில்லை

அரைகுறைத் தச்சன்:

வணக்கம். எட்டு மாசமா ஞாயிறு ஞாயிறா உட்கார்ந்து ஒரு ராக்கிங் சேர் செய்துட்டு வர்றேன். மரம் வாகை. நல்ல அலை ரேகை ஓடின பலகை, வெளிச்சத்துல பிடிச்சா பட்டு மாதிரி மின்னும். அதுக்கு ஆசைப்பட்டுத்தான் இந்த வேலையிலயே இறங்கினேன். இப்போ மூணு இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறேன்.

முதல் பிரச்சினைதான் பெரிசு. எல்லாத்தையும் பசை போடாம கிளாம்ப் வச்சு மட்டும் கூட்டிப் பார்த்தேன். காலி நாற்காலி அழகா நிக்குது, உட்காரும் பலகை 5 டிகிரி பின்சரிவு. நான் உட்கார்ந்ததும் சடார்னு பின்னால போய் 14 டிகிரியில நிக்குது. ரெண்டு பாதமும் தரையை விட்டு எழும்பிடுது. நான் நினைச்சது 8 டிகிரி. ராக்கர் (கால்களுக்கு அடியில வர்ற வளைஞ்ச மரம்) ரெண்டையும் பின்பக்கமா 4 செ.மீ. தள்ளி மறுபடி கிளாம்ப் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை, அதே 14. எனக்கே நம்ப முடியலை.

அளவுகள்: ராக்கரின் ஆரம் 107 செ.மீ., முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி 45 செ.மீ., உட்காரும் பலகை தரையிலிருந்து 42 செ.மீ. நான் 72 கிலோ, நாற்காலி 12 கிலோ.

ரெண்டாவது, ஆடும்போது நாற்காலி மெல்லத் திரும்புது. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தா கொஞ்ச நேரத்துல கதவைப் பார்க்கிறேன்.

மூணாவது, உட்காரும் பலகையை இழைக்கவே முடியலை. இந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் பிய்யுது, அந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் பிய்யுது. குழி குழியா இருக்கு.

சீவல்:

முன்பக்கம் பாரம் போதலை, அவ்வளவுதான். முன்சட்டத்துக்கு அடியில குடைஞ்சு ரெண்டு கிலோ ஈயக்கட்டி வச்சுடுங்க. வெளியே தெரியாது. எங்க வீட்டுப் பழைய நாற்காலியில அப்படித்தான் சரி பண்ணோம்.

மூலைமட்டம்:

ஈயம் வேண்டாம் தம்பி. கணக்குப் போட்டுப் பாருங்க. நீங்களும் நாற்காலியும் சேர்ந்து 84 கிலோ. அந்தப் பாரத்தின் மையத்தை இங்கே ஏறக்குறைய 5 செ.மீ. முன்னால கொண்டுவரணும். மையத்திலிருந்து 25 செ.மீ. முன்னால ஈயத்தை வச்சாலும் 16, 17 கிலோவாவது வேணும். அப்புறம் அது நாற்காலி இல்லை, எடைக்கல்.

ராக்கரைத் தள்ளினது ஏன் பலிக்கலைன்னு சொல்றேன். ராக்கர் ஒரு வட்டத்தின் துண்டு. உங்க கால்கள் நிக்கிறது அந்த வட்டத்து மேல. மாட்டுவண்டிச் சக்கரத்துல இரும்புப் பட்டையைச் சுத்தித் திருப்பினா அச்சாணி நகருமா? நகராது. ராக்கரை அதோட வளைவு வழியாவே நீங்க வழுக்கிவிட்டப்போ நடந்தது அதுதான். வால் 4 செ.மீ. நீண்டது, மூக்கு 4 செ.மீ. குறைஞ்சது. வட்டத்தின் மையம் இருந்த இடத்துலயே இருக்கு. (வால் நீண்டதுல ஒரு லாபம் உண்டு, வேகமா ஆடினாலும் பின்னால கவிழாது. அதனால அப்படியே விட்டுடுங்க.)

நாற்காலி எங்கே போய் நிக்கும்? வட்ட மையத்துக்கு நேர் கீழே பாரத்தின் மையம் வர்ற இடத்துல. காலியா இருக்கும்போது பாரம் நாற்காலியோடது மட்டும், அது தாழ்வா இருக்கு, 5 டிகிரியில நின்னுடுது. நீங்க உட்கார்ந்தா பாரம் மேலேயும் போகுது, பின்னாலேயும் போகுது. அது மையத்துக்குக் கீழே வர்ற வரைக்கும் நாற்காலி பின்னால சாயும்.

ஆகவே நகர்த்த வேண்டியது வட்டத்தின் மையத்தை. அதுக்கு ஒரே வழி காலின் உயரத்தை மாத்துறதுதான். பின்காலுக்கும் ராக்கருக்கும் நடுவுல ஒரு கட்டை கொடுங்க.

அரைகுறைத் தச்சன்:

அண்ணே, வண்டிச்சக்கரம் சொன்னதும் புரிஞ்சுடுச்சு. ஒரு வாரமா மண்டையைக் குழப்பிக்கிட்டு இருந்தேன். அப்போ 6 டிகிரி குறைக்கணும், இடைவெளி 45 செ.மீ. கணக்குப்படி 47 மி.மீ. கட்டை வருது. அவ்வளவு பெரிய கட்டை அசிங்கமா இருக்காதா?

மூலைமட்டம்:

47 போட்டீங்கன்னா 8ல நிக்காது, பலகை ஏறக்குறைய மட்டமாயிடும். இங்கேதான் எல்லாரும் தப்பு பண்றாங்க.

45 செ.மீ. இடைவெளியில 8 மி.மீ. கட்டை கொடுத்தா வட்டத்துக்கும் நாற்காலிக்கும் உள்ள கோணம் 1 டிகிரி மாறும், சரி. ஆனா நாற்காலி நிக்கிற சாய்வு அதைவிட அதிகமா மாறும். வட்ட மையம் தரையிலிருந்து 107 செ.மீ. உயரத்துல இருக்கு. உங்க பாரத்தின் மையம் சுமார் 60 செ.மீ. உயரம், உட்கார்ந்த ஆளின் தொப்புளுக்குக் கிட்டேன்னு வச்சுக்கங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் 47. 107ஐ 47ஆல் வகுத்தா ரெண்டேகால். கட்டையால வர்ற ஒவ்வொரு டிகிரியும் உட்காரும்போது ரெண்டேகால் டிகிரியா பெருகும். உங்களுக்கு 6 டிகிரி குறையணும்னா கட்டை 20, 21 மி.மீ. போதும்.

பிளைவுட் துண்டுகளை அடுக்கி, கிளாம்ப்லயே உட்கார்ந்து பாருங்க. 15ல தொடங்கி ஒவ்வொண்ணா ஏத்துங்க. பின்னால ஒருத்தரை நிக்க வச்சுக்கங்க.

முன்காலை அறுத்தாலும் இதே பலன்தான், பலகையின் உயரமும் குறையும். ஆனா அறுத்தது அறுத்ததுதான். கட்டையை எப்பவும் எடுத்துடலாம்.

கணக்குப்புலி:

இதே வகுத்தல்ல இன்னொரு விஷயமும் ஒளிஞ்சிருக்கு. ஆரம் குறையக் குறைய அந்த வித்தியாசமும் குறையும். ஆரம் 80 செ.மீ. வச்சீங்கன்னா 80ஐ 20ஆல் வகுக்கணும், நாலு மடங்கு. புத்தகத்தை எடுக்கக் கையை நீட்டினாலே நாற்காலி தூக்கிப்போடும். ஆரம் 60க்கு வந்துட்டா எங்கே வேணா உருளும். ஆரத்தைக் கூட்டினா நிதானம் வரும், ஆனா ஆட்டம் சின்னதா படபடன்னு இருக்கும். 107 நல்ல அளவு. அதைத் தொடாதீங்க.

சீவல்:

ஈயம் வாபஸ்.

திரும்புற பிரச்சினைக்கு வர்றேன், இதுல எனக்குச் சொந்த அனுபவம் இருக்கு. ரெண்டு ராக்கரும் ஒரே வளைவா இருக்காது. ஒண்ணு மேல ஒண்ணை வச்சுப் பாருங்க. ராக்கருக்கு எத்தனை மெல்லிய பட்டையை அடுக்கி ஒட்டி வளைச்சீங்க, என்ன பசை?

அரைகுறைத் தச்சன்:

3 மி.மீ. பட்டை 9, மொத்தம் 27 மி.மீ. சாதாரண வெள்ளைப் பசை. அச்சுல மூணு மணி நேரம் வச்சு எடுத்தேன். இப்போ ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பார்த்தேன், மானம் போச்சு. நுனிக்கு நுனி 112 செ.மீ. நூல் கட்டி நடுவுல ஆழம் அளந்தா ஒண்ணு 15.8, இன்னொண்ணு 14.9. அச்சுல ரெண்டும் ஒண்ணுதான்.

இன்னொண்ணும் கண்ணுல பட்டது. விரிஞ்ச ராக்கரின் அடிப்பட்டையில, வால் பக்கமா, மயிரிழை அளவு விரிசல். நகத்தை ஓட்டினா தட்டுது.

சீவல்:

9 மி.மீ. விரிஞ்சிருக்கு. பட்டைகள் ஒட்டி வளைச்சது கொஞ்சம் திரும்பத்தான் செய்யும், ஆனா பட்டை கூடக்கூட அது ரொம்பக் குறையும். 3 பட்டைன்னா வளைவுல ஏறக்குறைய 9ல ஒரு பங்கு விரியும், 9 பட்டைன்னா 81ல ஒரு பங்கு. உங்க ஆழத்துக்கு 2 மி.மீ. வரலாம். 9 வந்திருக்குன்னா மரம் குத்தவாளி இல்லை, பசை. வெள்ளைப் பசை காஞ்ச பிறகும் ரப்பர் மாதிரி. தொடர்ந்து இழுவிசை இருந்தா மெல்ல மெல்ல வழுக்கிக் கொடுக்கும். இன்னும் ஆறு மாசம் போனா இன்னும் விரியும். எபாக்சி இல்லேன்னா யூரியா ஃபார்மால்டிஹைடு பசை போடுங்க. அச்சுல முழுசா ஒரு நாள் இருக்கட்டும்.

இன்னொரு வளைவு 113 செ.மீ. ஆரம் ஆயிருக்கும். பெரிய சக்கரம் ஒரு பக்கம், சின்ன சக்கரம் ஒரு பக்கம். திரும்பாம என்ன செய்யும்.

மூலைமட்டம்:

விரிசலைப் பத்தி. 107 செ.மீ. ஆரத்துக்கு 3 மி.மீ. பட்டையை வளைக்கிறதெல்லாம் மரத்துக்கு ஒரு வேலையே இல்லை, கையால வளைச்சாலே வரும். அதுல விரிசல் வந்ததுன்னா ரேகை பட்டையைக் குறுக்கா கடந்து வெளியே போகுதுன்னு அர்த்தம். அலை ரேகைப் பலகையிலிருந்தே ராக்கருக்கும் பட்டை அறுத்தீங்களா?

அரைகுறைத் தச்சன்:

ஆமாண்ணே. எல்லாம் ஒரே மாதிரி மின்னட்டுமேன்னு. முதுகுக் கம்புகளும் அதேதான்.

மூலைமட்டம்:

கம்புகளையும் மாத்துங்க. சொல்றதுக்கு வருத்தமா இருக்கு, எட்டு மாச உழைப்பு. ஆனா அதுல ஆள் சாயப்போறான்.

மின்னுற ரேகைன்னா என்னன்னு யோசிங்க. நார் நேரா ஓடாம மேலும் கீழுமா நெளியுது, ஒவ்வொரு நெளிவிலும் வெளிச்சம் வேற கோணத்துல தெறிக்குது. அழகுக்கு எது காரணமோ அதுவேதான் பலவீனத்துக்கும் காரணம். 15 மி.மீ. கம்பா சீவும்போது அந்த நெளிவெல்லாம் வெட்டுப்பட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடுற நாரே இருக்காது. பிஸ்கட் மாதிரி ஒடியும். கால், ராக்கர், முதுகுக் கம்பு மூணுக்கும் நேர்ரேகை மரம். அலை ரேகையை உட்காரும் பலகை, தலைப்பலகை, கைப்பலகைக்கு வச்சுக்கங்க. கண்ணு போறதும் கை போறதும் அங்கேதானே. ஒரே அடிமரத்துலயே நேரா ஓடுற பகுதி கிடைச்சா நிறமும் ஒத்துப்போகும்.

கம்பு சீவுறதுக்கு முன்னால ஒரு சோதனை. ஓரத்திலிருந்து ஒரு சிம்பை உளி வச்சுப் பிளந்து பாருங்க. பிளவு எந்த வழியே ஓடுதோ அதுதான் நார் ஓடுற வழி. பென்சில் கோட்டை நம்பாதீங்க.

கணக்குப்புலி:

பலகை பிய்யறதுக்கு நான் சொல்றேன், வாகையோட எனக்குப் பழைய பகை உண்டு.

வாகையில நார் பின்னிப்பின்னி வளரும். சில வருஷம் இடப்பக்கமா சுத்தும், சில வருஷம் வலப்பக்கமா. பலகையா அறுத்தா ஒரு பட்டை உங்களைப் பார்த்துப் படுத்திருக்கும், அடுத்த பட்டை எதிர்த்து நிக்கும். எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் பாதிக்கு நீங்க எதிரி. அதனால திசையை மாத்தி மாத்திப் பார்க்கிறது வீண்.

இழைப்புளியில அலகு 45 டிகிரியில உட்கார்ந்திருக்கும். அதை நிமிர்த்தணும். அலகின் தட்டைப் பக்கத்துல, நுனியில மட்டும் நூலிழை அகலத்துக்கு 15 டிகிரி சாணை பிடிங்க, வெட்டுற கோணம் 60 ஆயிடும். தள்ளக் கனமா இருக்கும், ஆனா நாரைப் பிடுங்காது, சுரண்டி எடுக்கும். அல்லது அலகை அப்படியே விட்டுட்டு, அதுக்கு மேல உட்கார்ற மூடித்தகட்டை நுனிக்கு 0.1, 0.2 மி.மீ. கிட்டே கொண்டுபோங்க. சீவல் எழும்பினதுமே மடங்கிடும், அடியில இருக்கிற நாரை நெம்பாது. ரெண்டுல எதுவானாலும் சீவல் சிகரெட் தாளைவிட மெல்லிசா வரணும்.

உட்காருற பள்ளத்துல இழைப்புளி இறங்காது. அங்கே வளைஞ்ச ஸ்க்ரேப்பர் தகடுதான். தகட்டின் ஓரத்தை ராவி, எண்ணெய் தடவின இரும்புக் கம்பியால அழுத்தி இழுத்தா ஒரு கொக்கி எழும்பும், விரலை வச்சா தெரியும். தூள் வந்தா கொக்கி மழுங்கிடுச்சு, சுருள் வந்தா சரி. இப்போ இருக்கிற குழிகளை உப்புத்தாள் போட்டே தீர்க்கலாம்னு பார்க்காதீங்க, ஸ்க்ரேப்பரால குழியின் அடிமட்டம் வரைக்கும் இறக்கிட்டு, அப்புறம் உப்புத்தாள்ல 80, 120, 180, 220 நம்பர்னு வரிசையா போங்க. நடுவுல ஒண்ணை விட்டா எண்ணெய் பூசுன அன்னிக்குக் கீறல் எல்லாம் எழுந்து வந்து நிக்கும்.

மாஸ்க் போட்டுக்கங்க. வாகைத் தூள் மூக்குல ஏறினா தும்மல் நிக்காது.

அரைகுறைத் தச்சன்:

தும்மலுக்குக் காரணம் இதுவா! ஜலதோஷம்னு ஒரு வாரம் மாத்திரை போட்டேன்.

அரைகுறைத் தச்சன் (ஆறு வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. நேர்ரேகை வாகையில புது ராக்கர் ரெண்டும் எபாக்சி போட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்க அச்சுலயே விட்டேன். ஆழம் ரெண்டுக்கும் 15.6, வித்தியாசம் கண்டுபிடிக்க முடியலை. கம்புகளும் புதுசு. பழைய கம்பு ஒண்ணை முட்டியில வச்சு லேசா அழுத்தினேன், டக்குன்னு ரெண்டாச்சு. அதுக்கப்புறம் வருத்தமே இல்லை.

பின்காலுக்கு 20 மி.மீ. வச்சதும் 8 டிகிரிக்குக் கொஞ்சம் மேல நிக்குது. காலியா இருக்கும்போது பலகை 1 டிகிரிதான், ஏறக்குறைய மட்டமா தெரியுது. பார்க்க விறைப்பா இருக்கு. அது பரவாயில்லையா? கட்டையில ரேகை எந்தப் பக்கம் ஓடணும்?

இப்போ நாற்காலி திரும்பலை. ஆனா நூறு ஆட்டம் ஆடினா இடப்பக்கமா ரெண்டு விரக்கடை நகருது, சாக்பீஸ்ல கோடு போட்டுப் பார்த்தேன். மறுபடியும் ராக்கரா?

மூலைமட்டம்:

காலி நாற்காலி எப்படி நின்னா என்ன, ஆள் உட்கார்றதுக்குத்தானே. கட்டையின் ரேகை ராக்கரோட நீளவாக்குலயே ஓடட்டும், ஒட்டு நல்லாப் பிடிக்கும், ரெண்டும் ஒண்ணா சுருங்கி ஒண்ணா விரியும். ஒட்டினப்புறம் இழைச்சு வளைவோட கலந்துவிடுங்க, தனியா வச்ச கட்டைன்னே தெரியாது.

நகர்றதுக்கு: நாற்காலியை நேர் எதிரா திருப்பிப் போட்டு அதே நூறு ஆட்டம் ஆடுங்க. மறுபடியும் உங்க இடப்பக்கம் போனா ராக்கர். முன்னால போன அதே சுவரைப் பார்த்துப் போனா தரை.

அரைகுறைத் தச்சன்:

அதே சுவர்தான் அண்ணே. கோலிக்குண்டு ஒண்ணை வச்சும் பார்த்துட்டேன், அதுவும் அங்கேதான் ஓடுது.