"கேஷ் டேலி"க்குத் தமிழ்: கல்லா ஒப்பு என்பதே என் வாக்கு

நண்பர்களுக்கு வணக்கம்.

கடை சாத்தும்போது கல்லாவில் இருக்கும் பணத்தை எண்ணிக் கணக்கோடு வைத்துப் பார்க்கிற "கேஷ் டேலி"க்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை வாய் திறக்காமல்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் ஆறு வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். நேற்று வந்த மடலைப் பார்த்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை.

> பாடநூலில் "வங்கிச் சரிகட்டும் பட்டியல்" இருக்கிறதே. அதே வழியில் "கல்லா சரிகட்டல்" என்றால் என்ன?

ஐயா, பாடநூலில் அது பொருந்துகிறது. வங்கிக் கணக்குக்கும் நம் ரொக்க ஏட்டுக்கும் ஏன் வித்தியாசம் என்று, இன்னும் பணமாகாத காசோலை, வங்கி பிடித்த கட்டணம் என ஒவ்வொன்றாக எழுதிக் காட்டுகிற பட்டியல் அது. கடையில் "சரிக்கட்டிட்டான்" என்றால் அர்த்தமே வேறு. ஐம்பது ரூபாய் குறைந்தால் சொந்தப் பையிலிருந்து போட்டுவிடுவது, கூடினால் எடுத்து ஒதுக்கிவிடுவது. வேலை போவதே அதற்குத்தான்! தப்புக்கு இருக்கும் பெயரை வேலைக்கு வைக்க வேண்டாம். "நேர்செய்தல்" என்றாலும் இதே சிக்கல்தான். முன்பணத்தை நேர்செய்வது என்று அலுவலகங்களில் சொல்வது கணக்கில் ஈடுசெய்வதைத்தான். "கல்லா கட்டுதல்" பற்றிப் பேசவே வேண்டாம், அது வசூல் அள்ளுவது.

ராத்திரி கடை சாத்தியதும் உண்மையில் நடப்பது இது. காலையில் சில்லறைக்காக 2,000 ரூபாய் போட்டுத் திறக்கிறோம். விற்பனையைப் பதியும் கல்லாப் பொறி (கேஷ் ரெஜிஸ்டர்) ரொக்க விற்பனை 38,450 என்கிறது. துணியைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்குக் கொடுத்தது 650 என்கிறது. அப்படியானால் பெட்டியில் 39,800 இருக்க வேண்டும். இந்தத் தொகையைப் பார்க்காமல், நோட்டு நோட்டாகப் பிரித்து எண்ணித் தாளில் எழுதுகிறோம். எண்ணி முடித்தபிறகுதான் இரண்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும். முதலிலேயே தொகையைப் பார்த்துவிட்டால், கை அந்தத் தொகைக்கே எண்ணும்.

மேலே சொன்ன தொகைகள் நான் சேர்ந்த புதிதில், தீபாவளி நெரிசலில், ஒரு நாள் வந்தவை. அன்று எண்ணிய தாளில் 39,350தான் வந்தது. 450 ரூபாய் துண்டு. அழுகை வந்துவிட்டது. கணக்குப் பார்க்கும் அண்ணாச்சி வந்து, "ஒன்பதால வகுத்துப் பாரு தம்பி" என்றார். மீதி வரவில்லை. மீதியில்லாமல் வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகப்படுவது பழைய கணக்கர் வழக்கம். தேடினால், திரும்பிவந்த ஒரு புடவைக்கு 610 கொடுத்துவிட்டு 160 என்று தட்டியிருந்தேன். பணம் எங்கும் போகவில்லை, பதிவில்தான் தப்பு. அன்று நான் 450-ஐப் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டியிருந்தால் இது கடைசிவரை தெரிந்திருக்காது.

ஆகவே நமக்கு வேண்டிய சொல்லில் இரண்டு பக்கம் இருக்க வேண்டும்: பொறி சொல்வது ஒன்று, கை எண்ணுவது ஒன்று. 1879-இல் அமெரிக்காவின் டேட்டன் ஊரில் மதுக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரிட்டி, வேலையாட்கள் காசை அமுக்குவதைத் தடுக்கத்தான் இந்தப் பொறியைச் செய்தார். கப்பலின் சுழலி எத்தனை முறை சுற்றியது என்று எண்ணும் கருவியைப் பார்த்து அவருக்கு யோசனை வந்ததாம். அதாவது பொறி பிறந்ததே சாட்சி சொல்லத்தான். (இதைப் "பணப்பதிவேடு" என்று எழுதாதீர்கள். ஏடு வேறு, பொறி வேறு.)

என் முன்மொழிவு: கல்லா ஒப்பு. "கணக்கு ஒத்து வரலை" என்று வாயில் ஏற்கெனவே இருக்கிற சொல்லிலிருந்து வருவது. பார்த்து முடித்துப் போடும் கையெழுத்து ஒப்பம், பணத்தை மேலாளரிடம் கொடுப்பது ஒப்படைப்பு. ஒரே குடும்பமாக நிற்கும். கணக்கு உதைத்தால் ஒப்பாரி என்று யாராவது கிண்டலடிப்பீர்கள், தெரியும்.

கல்லா இந்தியிலும் இருக்கிற சொல், தூய தமிழ் இல்லை என்பது சரி. ஆனால் கல்லாவுக்குப் பதில் "காசறை" என்று சொல்லி எம்.சி. ரோட்டில் வழி கேட்டுப் பாருங்கள். படிக்காதவர் என்ற பொருளில் திருக்குறளிலேயே வேறொரு "கல்லா" இருக்கிறதே என்று ஒருவர் எழுதியிருந்தார். ரசித்தேன். கடையில் யாரும் குழம்பமாட்டார்கள்.

குறைந்தால் துண்டு, கூடினால் மிகை. மிகை வந்தால் சந்தோஷப்படக்கூடாது. யாருக்கோ மீதி குறைத்துக் கொடுத்திருக்கலாம். ஜிபேயில் வாங்கியதை ரொக்கம் என்று தட்டினாலும் கல்லாவில் துண்டு விழும், ஆனால் மொத்த விற்பனை சரியாகவே இருக்கும். அதனால் "விற்பனை ஒப்பு" என்று தனியாக ஒன்று வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம்.

காலையில் போடும் அந்த 2,000-க்கு "தொடக்கச் சில்லறை" என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.