ஒன்பதாவதுக்கு மகளை சிஸ்டர்மார் பள்ளியில் சேர்க்கலாமா?

தையல்மெஷின் கேட்டது:

வணக்கம். ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன், அவர் லோடு வேன் ஓட்டுகிறார். மகள் ஊரிலுள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். அங்கே எட்டோடு சரி. ஒன்பதாவதுக்கு இரண்டு வழிதான். நாலு கிலோமீட்டரில் அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது, பையன்களும் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பது. இல்லாவிட்டால் தூத்துக்குடி டவுனில் சிஸ்டர்மார் நடத்தும் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. அரசு உதவி பெறுவது. பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஆகும்.

அவளுக்கு டவுன் பள்ளிதான் வேண்டுமாம். சித்தி மகள் அங்கே படிக்கிறாள். அவள் தலையில் அந்த நீல ரிப்பனைப் பார்த்ததிலிருந்து ஒரே பிடிவாதம். என் மாமியார் "அங்க போனா வேதத்துல சேத்துருவாக" என்கிறார். கிறிஸ்தவளாக மாற்றிவிடுவார்கள் என்று பயம். நாங்கள் இந்துக்கள். என் வீட்டுக்காரருக்கு வேறு யோசனை: வெறும் பொம்பளைப் பிள்ளைகளோடு மட்டும் படித்தால் நாளைக்குக் காலேஜில் நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டாளே என்று. எனக்கு அந்த இரண்டும் பெரிதாகத் தெரியவில்லை. ரொம்பக் கண்டிப்பு என்கிறார்களே, அதுதான் பயம். அடிப்பதில்லையாம், ஆனால் ஒரு பார்வை பார்ப்பார்களாம்.

படித்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பீஸ், அரசுச் சலுகை பற்றித் தெரிந்தாலும் சொல்லுங்கள்.


உப்பளத்துக்காரி எழுதியது:

அம்மா, நான் இந்த மாதிரிப் பள்ளி ஒன்றில் 1994இல் ஆறாவது சேர்ந்து 2001இல் பிளஸ் டூ முடித்தவள். எந்தப் பள்ளி என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் ஒரு குறையும் சொல்லப்போகிறேன். அப்பா உப்பளத்தில் உப்பு வாரியவர். எங்கள் குலசாமி சுடலைமாடன்.

முதலில் மாமியார் கவலை. எங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டை டீச்சர் வாசித்தால் பாதி பெர்னாண்டோ, கொரைரா, ரோச், வாஸ் என்று போகும். 1530களில் போர்த்துக்கீசியர் வந்தபோது கடற்கரை ஊர்க்காரர்கள் வேதத்தில் சேர்ந்து வாங்கிய பெயர்கள் அவை. மீதிப் பாதி பேச்சியம்மாள், இசக்கியம்மாள், முத்துலட்சுமி. பேச்சியம்மாள் மட்டும் மூன்று பேர். "பேச்சி ஒண்ணு, பேச்சி ரெண்டு" என்றுதான் கூப்பிடுவார்கள். ஞானோபதேச வகுப்பு வந்தால் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு அறைக்குப் போவார்கள், எங்களுக்கு இன்னொரு அறையில் நீதிபோதனை. நீதிபோதனை டீச்சர் பாதி நாள் கணக்கு நோட்டைத் திருத்தச் சொல்லிவிடுவார், அது வேறு விஷயம்.

ஜெபம் நிறைய உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. காலையில் அசெம்பிளியில் உண்டு. மதியம் பன்னிரண்டுக்கு மணி அடித்தால் மொத்தப் பள்ளியும் எழுந்து நிற்கும், மூவேளைச் செபம். கணக்கு டீச்சர் போர்டில் 'எனவே' போட மூன்று புள்ளி வைப்பார்கள் பாருங்கள், அதில் இரண்டாவது புள்ளியோடு சாக்பீஸைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவார். செபம் முடிந்ததும் திரும்பி மூன்றாவது புள்ளியை வைப்பார். நாங்கள் வெறுமனே நின்றால் போதும், சொல்ல வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் தினமும் கேட்டால் மனப்பாடம் ஆகாமல் இருக்குமா? பத்தாவது பப்ளிக் தேர்வில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டு மனசுக்குள் 'அருள்நிறைந்த மரியே' சொன்னவள் நான். பக்கத்தில் இருந்தவள் பேப்பர் ஓரத்தில் சின்னதாகச் சிலுவை போட்டாள். சமூக அறிவியலில் இரண்டு பேருக்கும் ஒரே மார்க்.

ஜூலை 26 பனிமய மாதா கோயிலில் கொடி ஏறினால் ஆகஸ்ட் 5 வரைக்கும் ஊரே திருவிழாதானே. என் அம்மாவே ஐந்தாம் தேதி மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போவாள். அதற்காக அவள் வேதத்தில் சேர்ந்துவிடவில்லை. வந்த கையோடு சுடலைக்கும் கற்பூரம் காட்டுவாள். மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவரும் ஒரு தடவையாவது போயிருப்பார்.

அப்புறம் உங்கள் வீட்டுக்காரர் கேட்டது. இது எனக்கு நேர்மாறாகத்தான் நடந்தது. ஆண்டு விழாவுக்கு வகுப்பு பெஞ்சையெல்லாம் மைதானத்துக்குத் தூக்கிப் போட வேண்டும் என்றால் யார் தூக்குவது? நாங்கள்தான். மைக் செட்டுக்காரர் வயரை இழுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், மேலே கட்டுவது பதினொன்றாவது அக்காமார். லேபில் பியூரெட் உடைந்தால் திட்டு வாங்குவதும் நாங்களே, மணி அடிப்பதும் நாங்களே, எஸ்.பி.எல். என்கிற பள்ளி மாணவத் தலைவி எலெக்‌ஷனில் நின்று வகுப்பு வகுப்பாக ஓட்டுக் கேட்பதும் நாங்களே. எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் அசெம்பிளியில் செய்தி வாசிக்க விட்டார்கள். ஆயிரம் பிள்ளைகள் எதிரே. கால் நடுங்கி, தாவணி ஊக்கு கழன்று, 'நாடாளுமன்றம்' என்பதை 'நாலாடுமன்றம்' என்று வாசித்துவிட்டேன். சிரிக்கவேண்டியவர்கள் சிரித்தார்கள். மறுநாளும் என்னையே வாசிக்கச் சொன்னார் சிஸ்டர். அதற்கு மறுநாளும். அந்த வாரம் முழுக்க நான்தான். இப்போது தபால் ஆபீஸ் கவுண்டரில் இருக்கிறேன், வரிசையில் சண்டை வந்தால் என் சத்தம்தான் ரோட்டுவரை கேட்கும்.

கண்டிப்பு உண்டு. இரட்டைச் சடை மடித்துக் கட்டவேண்டும், பூ கூடாது, சத்தம் வரும் கொலுசு கூடாது. எங்கள் எச்.எம். சிஸ்டர் நடந்துவருவது காதில் விழாது, இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்துதான் காட்டிக்கொடுக்கும். அந்தச் சத்தம் கேட்டால் பேன் பார்த்துக்கொண்டிருப்பவள்கூடப் புத்தகத்தைத் திறந்துவிடுவாள். அந்தப் பார்வையும் உண்மைதான். பழகிவிடும், அதற்கெல்லாம் பயப்படாதீர்கள்.

நான் பயப்படச் சொல்வது வேறு ஒன்றுக்கு. ஒன்பதாவதில் என் பெஞ்சில் ஒரு பிள்ளை இருந்தாள். கடற்கரை ஊர், அப்பா போட்டில் கூலிக்குப் போகிறவர். மதியம் அவள் டிபனில் சாளைக் குழம்பு இருந்தால் என் கத்தரிக்காய்க்குப் போணி ஆகாது. முழுப் பரீட்சையில் கணக்கில் 28. ஏப்ரலில் அவள் அப்பாவை வரச் சொன்னார்கள். அவர் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு ஆபீஸ் அறைக்குள் போனார். வரும்போது கையில் டி.சி. "வேற ஸ்கூல்ல போட்டா பாஸாயிருவாளாம்" என்றார் எங்களிடம், ஏதோ நல்ல சேதி மாதிரி. அடுத்த வருடம் கேட்டில் 'பத்தாம் வகுப்பு நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பேனர் கட்டினார்கள். அந்த நூறில் அவள் இல்லை. அவள் ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளைதான், ஞானோபதேசத்தில் பரிசுகூட வாங்கியிருக்கிறாள்.

அதனால் சேர்க்கப் போகும்போது ஜெபத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். 28 மார்க் வாங்குகிற பிள்ளையை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பதிலைவிட, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள்.


சாக்பீஸ் எழுதியது:

வேறு மாவட்டத்தில் உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். மேலே தோழி சொன்னது பழைய கதை என்று தள்ள ஆசைதான், முடியவில்லை. இப்போது நேரடியாக டி.சி. கொடுப்பது குறைவு, "வேற பள்ளி பாருங்களேன்" என்று போனில் சொல்வதோடு நிற்கும். அப்படி யாராவது சொன்னால் 'என் சொந்த விருப்பத்தில் மாற்றிக்கொள்கிறேன்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். மாற்றுச் சான்றிதழ் பெரும்பாலும் அந்தக் கடிதத்தின் பேரில்தான் போகிறது.

மத விஷயத்தில் சட்டமே இருக்கிறது. அரசியலமைப்பின் 28(3) பிரிவுப்படி, அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையைச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்க வைக்க முடியாது.

சலுகைதான் நீங்கள் உட்கார்ந்து யோசிக்கவேண்டிய இடம். மகள் இதுவரை அரசுப் பள்ளி. 2020இல் வந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், அடுத்த வருடம் பொறியியல் மாதிரித் தொழிற்படிப்புகளுக்கு வந்ததும், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத்தான். உதவி பெறும் பள்ளிக்கு மாறினால் அது போய்விடும். டாக்டர் ஆசை இருந்தால் மாற்றுவதற்கு முன் இதை அவளிடமே சொல்லுங்கள், பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் புரியும்.

காலேஜ் போனால் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் முதலில் அரசுப் பள்ளிக்கு மட்டும் இருந்தது. 2024 டிசம்பர் 30இலிருந்து உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. உங்கள் தூத்துக்குடியில்தான் தொடங்கிவைத்தார்கள். தமிழ் வழி என்பதைக் கவனியுங்கள். ஒரே காம்பவுண்டில் ஆங்கில வழிப் பிரிவும் இருக்கும், பல இடங்களில் அது சுயநிதி, பீஸும் தனி. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று அதில் போட்டுவிட்டு அப்புறம் வருத்தப்படுகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். சத்துணவு, இலவசப் புத்தகம், பதினொன்றாவதில் சைக்கிள் எல்லாம் உதவி பெறும் பள்ளியிலும் உண்டு.


தகரப்பெட்டி எழுதியது:

நான் போர்டிங் பிள்ளை. மணப்பாட்டுக்காரி. அக்கா சொன்ன சாவிக்கொத்துச் சத்தம் எங்களுக்கு ராத்திரியிலும் கேட்கும்!

நீங்கள் பஸ்ஸில் அனுப்பப்போவதால் ஒன்று மட்டும் சொல்கிறேன். நாலரைக்குப் பள்ளி விட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பத்தாவது வந்தால் மாலை ஸ்பெஷல் கிளாஸ், சனிக்கிழமை டெஸ்ட். டே ஸ்காலர் பிள்ளைகள் கடைசி பத்து நிமிடம் பாடத்தைக் கவனிக்கவே மாட்டார்கள், கண் முழுக்க கடிகாரத்தில்தான் இருக்கும், ஊர் பஸ் போய்விடுமே என்று. எந்த பஸ், எத்தனை மணிக்கு, அது விட்டால் அடுத்தது எப்போது என்பதை முதலில் பாருங்கள். போர்டிங் கிடைத்தாலும் யோசித்துச் செய்யுங்கள். எனக்கு அங்கே சினேகிதிகள் கிடைத்தார்கள், நல்ல கையெழுத்து கிடைத்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வரும் நாளில் கேட்டையே பார்த்துக்கொண்டு அப்பா வராத சாயங்காலங்கள் இரண்டு மூன்று உண்டு. கடல் சரியில்லை என்றால் கையில் காசிருக்காது, காசில்லாமல் வெறுங்கையோடு வரமாட்டார். அதைச் சொல்ல அப்போது போனும் கிடையாது.

டிசம்பரில் 'கிறிஸ்மா – கிறிஸ்சைல்ட்' சீட்டு எடுப்பார்கள், உங்கள் மகளுக்கு ரொம்பப் பிடிக்கும். யாருக்கு யார் என்று தெரியாமல் பெஞ்சுக்குள் மிட்டாய் வைத்துவிட்டுப் போவது. எனக்கு ஒரு வருடம் தினமும் கொடுக்காப்புளி வந்தது. ஊரிலிருந்து வரும் பிள்ளைதான் என்று மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன், கடைசி நாள்வரை தெரியாத மாதிரி இருந்தேன்.


தையல்மெஷின் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. 7.5 விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. ராத்திரி அவளிடம் சொன்னோம். "எனக்கு ரத்தம் பார்த்தாலே மயக்கம் வரும், நான் எங்க டாக்டராக?" என்றாள். சி.ஏ. படிக்கவேண்டுமாம், யார் சொல்லிக்கொடுத்தார்களோ. கணக்கில் போன பரீட்சையில் 61.

பஸ் பார்த்துவிட்டார் அவர். ஐந்து பத்துக்கு ஒன்று, அதை விட்டால் ஆறே கால். மாமியாரிடம் பனிமய மாதா கோயிலைப் பற்றிக் கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்து "உன் வீட்டுக்காரன் வயித்துல இருக்கும்போது போயிருக்கேன்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நேற்று நேரிலும் போய் வந்தோம், தமிழ் வழிக்குத்தான் கேட்டோம். அந்த 28 மார்க் கேள்வியை நானே கேட்டேன், கை வேர்த்துவிட்டது. சிஸ்டர் கொஞ்சம் யோசித்தார். அப்புறம் ஒரு பழைய நோட்டை எடுத்து, போன வருடம் கணக்கில் தேறாமல் இருந்த பிள்ளைகளின் பெயர்களைக் காட்டினார். மொத்தம் பதினொரு பேர். ஒன்பது பேர் இப்போது பத்தாவதில் இங்கேயே இருக்கிறார்களாம். மற்ற இரண்டு பேரைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மே மாதம் டி.சி. வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். சேர்க்கலாம் என்றுதான் இருக்கிறோம்.


உப்பளத்துக்காரி எழுதியது:

சேருங்கள் அம்மா. ஆனால் முதல் பரீட்சை மார்க் வந்ததும் அந்த இரண்டு பேரைப் பற்றி ஒரு நாள் போய்க் கேட்டுவிடுங்கள்.

எட்டாவது டி.சி.யோடு எமிஸ் நம்பர் (கல்வித் துறைப் பதிவில் பிள்ளைக்குள்ள எண்), ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றுக்கும் இரண்டிரண்டு நகல் வையுங்கள். சீருடைத் துணி வாங்கினால் நீங்களே தைத்துவிடுவீர்கள், ஆனால் ஓவர்கோட்டின் அளவைச் சித்தி மகளுடையதைப் பார்த்துத் தையுங்கள், எங்கள் காலத்தில் ஒரு இன்ச் குறைந்தாலும் பிரித்துத் தைக்கச் சொல்வார்கள். ரிப்பன் சடைக்கு ஒரு மீட்டர். ஆனால் நாலு மீட்டராக வாங்கிவிடுங்கள், முதல் மாதத்திலேயே ஒரு ஜோடியை பஸ்ஸில் தொலைத்துவிடுவாள்.