குடல் தையல் கசிவை ஆராய இன்னும் எலியும் பன்றியும் வேண்டுமா?

கண்டிச்சீமை:
குடலை வெட்டி இணைத்த இடம் விட்டுப்போய் மலம் வயிற்றுக்குள் கசிவதுதான் குடல் சத்திரசிகிச்சையில் எல்லோரும் பயப்படும் சிக்கல். அதை ஆராய இன்னமும் எலியின் வயிற்றைக் கீறுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எலிக்குக் குடல் லேசில் விடாது, கசிந்தாலும் பல எலிகள் தப்பிவிடும். அதனால் தையலைக் குறைத்துப் போட்டோ, இரத்தக் குழாயைக் கட்டியோ கசிவை வரவழைக்கிறார்கள். வலிந்து உண்டாக்கிய கேடு மனிதருக்கு எப்படிப் பொருந்தும்?

பேராதனை வாசல்:
அண்ணே, நம்மைத் தைக்கிற முறையே விலங்கிடமிருந்து வந்ததுதானே. 1887இல் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் நாய்களில் தைத்துப் பார்த்துத்தான், சளிச்சவ்வுக்கு அடியில் உள்ள படலமே தையலைத் தாங்குகிறது என்று காட்டினார். முதல் சில நாட்களில் குடல் சுவருக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தில் பழையது கரையும், புதியது போதிய அளவு வந்திருக்காது. இணைப்பு அப்போதுதான் மிகவும் பலவீனம். அதை அளக்க அந்தத் துண்டை வெட்டியெடுத்து, காற்றோ நீரோ ஏற்றி, எந்த அழுத்தத்தில் வெடிக்கிறது என்று பார்க்க வேண்டும். நோயாளியிடம் இதைச் செய்ய முடியுமா?

கண்டிச்சீமை:
ஒரு வாரம் போனால் இணைப்பு உறுதியாகி, குடல் வேறிடத்தில் வெடிக்கும். அப்புறம் அந்த அழுத்தத்தை அளப்பதற்கு என்ன அர்த்தம்?

மலையக மிஸ்ஸி:
நான் சத்திரசிகிச்சை வாட்டில் வேலை செய்பவள். ஐந்தாம் நாள் வாக்கில் நாடித்துடிப்பு ஏறும், வயிறு உப்பும், வடிகுழாய்ப் பையில் தெளிவாக இருந்த நீர் கலங்கிப் பழுப்பாகும். வாடை வந்தால் டொக்டரைக் கூப்பிட ஓடுவோம். எங்களிடம் வருபவர்கள் யார்? இரத்தசோகையோடு கொழுந்து பறித்த அம்மா, சீனி வருத்தமுள்ள ஐயா, புகைப்பதை விடாத அண்ணன். ஆய்வுகூட எலியோ பெரும்பாலும் இளசு, நோய்நொடி இல்லாதது. எலி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் நோயாளியைப் போன்ற எலியில் பாருங்கள் என்கிறேன்.

பேராதனை வாசல்:
அக்கா சொல்வது சரி. ஆனாலும் 2015இல் சிகாகோ ஆய்வாளர்கள் எலிகளில்தான் ஒரு விஷயத்தைக் கண்டார்கள். என்டரோகொக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பக்டீரியா இணைப்பில் இருந்துகொண்டே கொலாஜனைக் கரைக்கிறது. நரம்பில் ஏற்றும் வழக்கமான மருந்து அதை ஒழிக்கவில்லை, குடலில் நேரே இட்ட மருந்து ஒழித்தது. தையல்காரரின் கைப்பிசகு என்று மட்டும் இனிப் பழி போட முடியாது. பன்றியின் பெருங்குடல் சுருளாக இருக்கும், ஆனால் உடலளவு நமக்குக் கிட்ட. அதனால் குடலைக் கம்பி ஊசிகளால் இணைக்கும் ஸ்டேப்ளர் போன்ற கருவிகளை அதில் சோதிக்கலாம்.

கண்டிச்சீமை:
சரி, பக்டீரியா விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வலி? மோர்பின் வகை மருந்து குடலசைவைக் குறைக்கும், முடிவு குழம்பும் என்று சொல்லி வலிமருந்து கொடுக்காமல் விட்டால் அதை எப்படி ஏற்பது?

மலையக மிஸ்ஸி:
வாட்டில் எங்கள் நோயாளிகளுக்கும் அந்த மருந்துதான் போகிறது. அது கொடுக்காத எலியில் குடல் எப்படி அசைகிறது என்று பார்த்து எங்களுக்கு என்ன பயன்? கொடுத்துவிட்டே ஆராயட்டும்.