போர் நினைவுக் கல்வெட்டைக் காப்பாற்ற நிதி: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். முதல் உலகப் போருக்கு எங்கள் ஊரிலிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று சொல்லும் பழைய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. எழுத்து மங்கிவருகிறது. போதாததற்கு யாரோ சுண்ணாம்பு வேறு அடித்துவிட்டார்கள்! முன்னாள் படைவீரர்கள் சிலர் சேர்ந்து அதைச் சீர்செய்து, பக்கத்து அறையில் பதக்கங்கள், சீருடைகள், கடிதங்களை வைக்க நினைக்கிறோம்.

அறக்கட்டளை பதிவாகிவிட்டது. வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள் இரண்டும் உண்டு. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதி பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவுப் படிவமும் போட்டாயிற்று. அந்த நிதியை எவற்றுக்குச் செலவிடலாம் என்று சொல்லும் 2013 கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பாரம்பரியப் பாதுகாப்பு தனி, முன்னாள் படைவீரர் நலன் தனி. எதன்கீழ் கேட்டால் நிறுவனங்கள் காதுகொடுக்கும்? விண்ணப்பித்து நிதி வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அப்புறம், சுண்ணாம்பைக் கல்லுக்குச் சேதமில்லாமல் எடுக்கத் தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள். ஆசிட் யோசனை மட்டும் வேண்டாம்.